நனோ மருந்து புற்றுநோய்க்கு என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒருவருக்குப் புற்றுநோய் என்று உறுதியானால், தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ உள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருக்கும். கீமோ ஏற்றத் தொடங்கியதும் முடி கொட்டும், வாய் புண்ணாகும், சாப்பாடு இறங்காது. நாளத்தில் ஏற்றிய மருந்து குருதியோடு உடம்பு முழுக்கப் போவதுதான் காரணம். பெருகிக்கொண்டிருக்கும் கலங்களை எங்கே கண்டாலும் அது தாக்கும். மயிர்வேரிலும் குடலின் உட்சுவரிலும் எலும்பு மச்சையிலும் கலங்கள் எந்நேரமும் பெருகிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுக்கும் அடி விழும்.

நனோ மருந்து என்று பேசப்படுவது பெரும்பாலும் புதிய மருந்தே இல்லை. பழைய மருந்தைப் புதிய பொதிக்குள் அடைத்ததுதான். பொதி மாறினால் மருந்து உடம்பில் போகும் வழி மாறும். விளம்பரங்களும் முகநூல் பதிவுகளும் அது கட்டியைத் தேடிப்போய் அழிக்கும் என்கின்றன. இன்று ஆஸ்பத்திரிகளில் பயன்படும் நனோ மருந்துகளை எடுத்துப் பார்த்தால், அவற்றின் பெரிய உதவி வேறிடத்தில் இருக்கிறது: போகக்கூடாத இடத்துக்கு மருந்தைப் போகவிடாமல் மறித்தது.

அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது

ஒரு மீற்றரை 100 கோடி பங்காக்கினால் ஒரு பங்கு 1 நனோமீற்றர். டி.என்.ஏ. இழையின் அகலம் 2 நனோமீற்றர். செங்குருதிக் கலம் ஒன்றின் குறுக்களவு 7,000 முதல் 8,000 வரை. மருந்து சுமக்கும் துணிக்கைகள் பெரும்பாலும் 10 முதல் 150 நனோமீற்றர் அளவுக்குள் அடங்கும். ஆகவே ஒரு செங்குருதிக் கலத்தின் குறுக்கே 100 நனோமீற்றர் துணிக்கைகளை அடுக்கினால் எழுபது, எண்பது பிடிக்கும்.

பொருளை இவ்வளவு சிறிதாக்கினால் மேற்பரப்பு பெருகிவிடும். 1 சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனக்குற்றி ஒன்றுக்கு 6 சதுர சென்ரிமீற்றர் மேற்பரப்பு. அதையே 10 நனோமீற்றர் குற்றிகளாக அரிந்தால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீற்றர். யாழ்ப்பாணக் கணக்கில் இரண்டு பரப்புக் காணிக்கு மேல், ஏக்கர் கணக்கில் ஏறத்தாழ ஏழில் ஒன்று. மருந்து, நிறமி, பிறபொருளெதிரி (உடம்பின் நோயெதிர்ப்புப் புரதம்) என்று பலவற்றை ஒட்டவைக்க இடம் கிடைப்பது இப்படித்தான். குருதியில் உள்ள புரதங்கள் வந்து அப்பிக்கொள்ளவும் அதே இடம் இருக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பின்னால் அது தொல்லை தரும்.

குருதிக்குள் போன துணிக்கைக்கு முன்னால் மூன்று சல்லடைகள் இருக்கின்றன. ஏறத்தாழ 6 நனோமீற்றருக்குச் சிறியது சிறுநீரகத்தால் வடிந்து சிறுநீரோடு போய்விடும். பெரியதை ஈரலில் உள்ள விழுங்கு கலங்கள் பிடிக்கும். 200க்கு மேல் போனால் மண்ணீரல் வேறு மறிக்கும். இவற்றுக்கு இடைப்பட்ட அளவில் நின்றால்தான் பல மணி நேரம் குருதியில் சுற்றலாம்.

சரி, சுற்றுகிற துணிக்கை கட்டிக்குள் எப்படி இறங்குகிறது? வேகமாக வளரும் கட்டி தனக்கு வேண்டிய குருதிக் குழாய்களையும் அவசரமாகக் கட்டிக்கொள்கிறது. அவற்றின் சுவரில் இடைவெளிகள் இருக்கும், சில இடங்களில் நூற்றுக்கணக்கான நனோமீற்றர் அகலத்துக்கு. வெளியே கசிந்ததைத் திருப்பி எடுத்துப் போகும் நிணநீர்க் குழாய்களும் கட்டிக்குள் ஒழுங்காக இருப்பதில்லை. கட்டுக் கசிகிற குளத்துக்குக் கீழே, கழிவு வாய்க்கால் தூர்ந்துபோன வயல் எப்படியிருக்கும் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தண்ணீர் வரும், போக வழியில்லாமல் நிற்கும். ஜப்பானில் மட்சுமுராவும் மயேடாவும் 1986இல் விவரித்த விளைவு இதுதான். நனோ மருந்துத் துறை ஏறத்தாழ முழுவதும் இந்த ஒரு கசிவின் மேல் கட்டப்பட்டது.

அந்த அத்திவாரம் நினைத்த அளவுக்கு உறுதியில்லை. பத்து ஆண்டு ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்த மீளாய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. ஏற்றிய துணிக்கைகளில் கட்டிக்குள் போய்ச் சேர்ந்தது, இடைநிலை மதிப்பாக, வெறும் 0.7 சதவீதம். அதுவும் எலிகளில். 20 கிராம் எலியில் அரைக் கிராம் கட்டி என்றால் 60 கிலோ மனிதரில் ஒன்றரைக் கிலோ கட்டிக்குச் சமம். அப்படி ஊதிய, கசிவு மிகுந்த கட்டிகளை வைத்துப் பெற்ற முடிவு மனிதரிடம் அப்படியே பலிப்பதில்லை. ஒருவரின் கட்டி கசியும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் கட்டி கசியாது. ஒரே ஆளில்கூட ஒரு கட்டி கசியும், இன்னொன்று கசியாது. "எலியில் கட்டி கரைந்தது" என்ற செய்தியைக் கண்டால் இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஒரு பொதியை எப்படிக் கட்டுகிறார்கள்

மிக நன்றாக அறியப்பட்ட உதாரணம் லிப்போசோமில் அடைத்த டொக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இதுவே முதல் நனோ மருந்தாகக் கருதப்படுகிறது. லிப்போசோம் என்பது கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காகச் சுருண்டு உள்ளே நீரை அடைத்துக்கொண்ட உருண்டை. இந்த மருந்தில் அதன் அளவு 80 முதல் 100 நனோமீற்றர்.

செய்முறை சுருக்கமாக இப்படி. நிரம்பிய பொஸ்போலிப்பிட்டு, கொலஸ்திரோல், பொலிஎதிலீன் கிளைக்கோல் ஒட்டிய கொழுப்பு ஆகிய மூன்றையும் சூடான எதனோலில் கரைத்து அமோனியம் சல்பேற்றுக் கரைசலுக்குள் விடுகிறார்கள். கரைசல் 60 முதல் 65 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். பலவித அளவில் உருண்டைகள் உண்டாகும். அவற்றை நனோ அளவுத் துளைகள் கொண்ட பொலிகாபனேற்று வடிகளினூடாக அழுத்தித் தள்ளி ஒரே அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். சூடு குறைந்தால் கொழுப்பு இறுகி வடி அடைத்துவிடும். இந்தக் கொழுப்பு இளகும் சூடு 50 பாகைக்குச் சற்று மேலே, அதனால் அதற்குக் கீழே இறங்கவே கூடாது.

அடுத்த படிதான் சூட்சுமம். உருண்டைகளுக்கு வெளியே உள்ள அமோனியம் சல்பேற்றை வடித்துக் கழுவி எடுக்க வேண்டும், உள்ளே இருப்பது உள்ளேயே இருக்க வேண்டும். பிறகு டொக்சோரூபிசினைச் சேர்த்துச் சூடாக்கினால், மின்னேற்றமில்லாத நிலையில் அது கொழுப்புச் சுவரைக் கடந்து உள்ளே போகும். உள்ளே மின்னேற்றம் பெற்று, சல்பேற்றோடு சேர்ந்து பளிங்குக் குச்சியாக உறைந்துவிடும். உறைந்தது திரும்பி வெளியே வர முடியாது. இப்படி ஒரு உருண்டைக்குள் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மருந்து மூலக்கூறுகளை அடைக்கலாம். வெளியே கழுவியது போதாமல் விட்டால் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் இல்லாமல் போய், மருந்து வெளியிலேயே நின்றுவிடும். ஆய்வுகூடத்தில் புதிதாகச் செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் பிழைக்கிற இடம் இது.

பொலிஎதிலீன் கிளைக்கோல் எதற்கு? அது நீரை இழுத்து வைத்துக்கொண்டு, உருண்டையைச் சுற்றி வழுக்கும் போர்வை போல நிற்கும். குருதிப் புரதங்கள் ஒட்டுவது குறையும், ஈரலின் விழுங்கு கலங்கள் அடையாளம் காணச் சுணங்கும். பொதி இல்லாத டொக்சோரூபிசின் சில நிமிடங்களிலேயே குருதியை விட்டு இழையங்களுக்குள் இறங்கிவிடும். பொதிக்குள் இருக்கும்போது குருதியில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 55 மணி நேரம் எடுக்கும்.

இதயத்தின் குருதிக் குழாய்ச் சுவர் இறுக்கமானது, 100 நனோமீற்றர் உருண்டை அதனூடே எளிதில் நுழையாது. டொக்சோரூபிசினின் பெரிய ஆபத்தே இதயத் தசையைப் பழுதாக்குவதுதான். அதனால் வாழ்நாள் மொத்த அளவுக்கு உடற்பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் வரை என்று எல்லை வைத்திருக்கிறார்கள். பொதியில் அடைத்ததும் இதயத்துக்கு விழும் அடி தெளிவாகக் குறைந்தது. கட்டியைச் சுருக்கும் வேகம் பொதி இல்லாததைவிடப் பெரிதாகக் கூடவில்லை. மருந்து தன் இடத்தைப் பிடித்தது இந்தக் கணக்கில்தான்.

வார்ட்டில் பிழைக்கும் இடங்கள்

சூலகப் புற்றுநோய்க்கு இந்த லிப்போசோம் மருந்தின் அளவு உடற்பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு 50 மில்லிகிராம், 4 கிழமைக்கு ஒருமுறை. 1.5 சதுர மீற்றர் உடற்பரப்புள்ள பெண்ணுக்கு 75 மில்லிகிராம். 90 மில்லிகிராம் வரை 250 மில்லிலீற்றர் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலக்க வேண்டும், அதற்கு மேல் 500 மில்லிலீற்றரில். சேலைனில் கலக்கக் கூடாது. ஏற்றும் குழாயில் வடி பொருத்தக் கூடாது. மருந்தை 2 முதல் 8 பாகைக் குளிரில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. கலந்ததை 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

முதல்முறை நிமிடத்துக்கு 1 மில்லிகிராம் வேகத்தில் தொடங்குவார்கள். ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு, பெரும்பாலும் முதல் ஏற்றத்தின்போது, முகம் சிவந்து மூச்சு முட்டி முதுகு வலிக்கும். நெஞ்சு இறுகும். உருண்டையின் மேற்பரப்பைக் கண்டு நோயெதிர்ப்புத் தொகுதி கிளம்புவதே இது. வேகத்தைக் குறைத்தால் அல்லது கொஞ்ச நேரம் நிறுத்தினால் அநேகமாக அடங்கும். ஆகவே, ஏற்றத் தொடங்கிய உடனே எது மாறினாலும், சின்னது என்று நினைத்தாலும், தாதியிடம் சொல்லிவிட வேண்டும்.

பொதி இல்லாத டொக்சோரூபிசினும் சிவப்பு, லிப்போசோமில் அடைத்ததும் சிவப்பு. பெயரும் ஒன்று. ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டால் ஆளுக்கே ஆபத்து. மருந்தின் விளக்கக் குறிப்பிலேயே இந்த எச்சரிக்கை வந்ததற்குக் காரணம் இருக்கிறது.

நெடுநேரம் குருதியில் சுற்றுவதற்கு ஒரு விலையும் உண்டு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மருந்து தேங்கி, சிவந்து, எரிந்து, தோல் உரியும். இரண்டாவது மூன்றாவது ஏற்றத்துக்குப் பிறகுதான் கூடுதலாகத் தலைகாட்டும். சூடும் உராய்வும் அழுத்தமும் இதைக் கூட்டும். ஏற்றிய பிறகு நாலைந்து நாளைக்கு மண்வெட்டி பிடிப்பது, வெறுங்காலோடு சுடுமணலில் நடப்பது, சுடுதண்ணீரில் பாத்திரம் கழுவுவது, அடுப்படியில் நெடுநேரம் நிற்பது எல்லாவற்றையும் தள்ளிவைத்தால் நல்லது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் அது குருதி என்று பயப்பட வேண்டாம், மருந்தின் நிறம்தான்.

இன்னொரு நனோ மருந்து, அல்புமின் புரதத்தோடு கட்டிய பக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து. 2005இல் வந்தது, அளவு 130 நனோமீற்றர். பக்லிடாக்செல் நீரில் கரையாது. பழைய வடிவத்தில் அதைக் கரைக்க ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பானைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வாமை தந்தது அந்தக் கரைப்பான். அதனால்தான் முன்கூட்டியே ஸ்டெரொயிட் கொடுத்து, 3 மணி நேரமாக ஏற்ற வேண்டியிருந்தது. அல்புமின் வடிவத்தில் கரைப்பான் இல்லை, 30 நிமிடத்தில் முடிந்துவிடும். சதுர மீற்றருக்கு 175 மில்லிகிராமாக இருந்த அளவையும் 260 வரை கூட்ட முடிந்தது. கலக்கும் முறை லிப்போசோமுக்கு நேரெதிர்: இதற்குச் சேலைன்தான் வேண்டும். 100 மில்லிகிராம் போத்தலுக்கு 20 மில்லிலீற்றர் சேலைனை, போத்தலின் உட்சுவரில் படும்படி, ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் மெல்ல விட வேண்டும். தூளின் மேல் நேரே பீய்ச்சினால் நுரைத்துவிடும். 5 நிமிடம் ஊறவிட்டு, குலுக்காமல் மெதுவாகச் சுழற்ற வேண்டும். நுரைத்தால் 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். குருதிக்குள் போனதும் இந்தத் துணிக்கை விரைவில் கலைந்துவிடுகிறது. எனவே இதைக் கட்டியைத் தேடிப்போகும் வாகனம் என்பதைவிடக் கரைப்பானை ஒழித்த உத்தி என்பதுதான் பொருந்தும்.

நோயைக் காட்டும் துணிக்கைகள்

மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையில் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை முழுவதும் வழித்தெடுத்தால் கை வீங்கும் ஆபத்து உண்டு. அதனால் கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச்சேரும் கணுவை மட்டும் கண்டுபிடித்து எடுத்துப் பார்க்கிறார்கள். அதில் புற்று இல்லையென்றால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. வழிகாட்ட, கதிர்வீசும் டெக்னீசியம் ஏற்றிய அல்புமின் நனோத் துணிக்கைகளை மார்பில் ஊசியாகப் போடுவார்கள். இங்கேயும் அளவு முக்கியம். மிகச் சிறியது குருதிக்குள் ஓடிவிடும், சில நூறு நனோமீற்றருக்கு மேற்பட்டது போட்ட இடத்திலேயே நின்றுவிடும். நூறுக்கு உட்பட்டதுதான் நிணநீரில் ஏறும்.

டெக்னீசியத்தின் அரைவாழ்வு, அதாவது பாதியாகத் தேய எடுக்கும் காலம், 6 மணி நேரம். கொழும்பில் காலையில் தயாரித்ததை ஏ9 வீதியால் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்தால், வந்து சேரும்போதே ஏறத்தாழ பாதி தீர்ந்திருக்கும். மறுநாள் காலையில் 6 சதவீதம்தான் மிஞ்சும். தயாரிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சத்திரசிகிச்சை நடக்க வேண்டும், அல்லது 66 மணி நேர அரைவாழ்வோடு தேய்ந்து டெக்னீசியத்தைத் தரும் மொலிப்டினம் அடங்கிய பிறப்பாக்கியைக் கிழமைக்குக் கிழமை வருவிக்க வேண்டும். தூர இடங்களுக்கு இது பெரிய தடை.

அதற்கு மாற்றாக வந்தது காந்தத் தன்மையுள்ள இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கை, அமெரிக்காவில் 2018இல் அனுமதி கிடைத்தது. கதிர்வீச்சு இல்லை, தேய்ந்துபோகாது, சத்திரசிகிச்சைக்கு முதல் நாளே போட்டுவிடலாம். காந்த உணரியை அக்குளில் வைத்துக் கணுவைத் தேடுவார்கள். அப்போது பக்கத்தில் இரும்பு ஆயுதங்கள் இருந்தால் உணரி குழம்பும், பிளாஸ்ரிக் ஆயுதங்கள் வேண்டும். போட்ட இடத்தில் தோல் பல மாதத்துக்கு மண்ணிறமாக இருக்கலாம். பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்த இடம் கருந்திட்டாகத் தெரிந்து படத்தை மறைக்கும்.

அந்தக் கருமையையே பயனாக்கவும் முடியும். சுகமான கணுவில் விழுங்கு கலங்கள் இருக்கின்றன. இரும்பு ஒட்சைட்டை நாளத்தில் ஏற்றி ஒரு நாள் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தால், அவை துணிக்கைகளை விழுங்கிக் கணுவைக் கறுப்பாக்கியிருக்கும். புற்று பரவிய கணுவில் விழுங்க ஆளில்லை, அது வெளிறியே நிற்கும். சாதாரண எம்.ஆர்.ஐ. கணுவின் பருமனை வைத்தே முடிவு சொல்கிறது. 8, 10 மில்லிமீற்றருக்குச் சிறிய கணுவில் ஒளிந்திருக்கும் புற்று அதில் தப்பிவிடும். 2003இல் 80 புரொஸ்டேட் புற்றுநோயாளரிடம் செய்த ஆய்வு இந்த முறை எவ்வளவு நுட்பமானது என்று காட்டியது. இருந்தும் அந்த மருந்து பரவலான சந்தை அனுமதி பெறவில்லை. நல்ல விஞ்ஞானம் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்துசேர்வதில்லை.

சிறுநீரக நோயாளரின் குருதிச்சோகைக்குக் கொடுக்கும் பெருமொக்சிட்டோல் என்ற இரும்பு மருந்தும் இதே வகை நனோத் துணிக்கைதான். அதை ஏற்றியவரின் எம்.ஆர்.ஐ. படம் 3 மாதம் வரை மாறித் தெரியலாம். ஸ்கான் அறையில் இதைச் சொல்லாமல் விட்டால் படத்தைப் பிழையாக வாசிக்க இடமுண்டு.

"இலக்கு வைத்த" என்றால்

துணிக்கையின் மேல் ஒரு பிறபொருளெதிரியை ஒட்டினால் அது புற்றுக் கலத்தைத் தேடிப்போகும் என்று எழுதுகிறார்கள். துணிக்கைக்குக் கண்ணும் இல்லை, இயந்திரமும் இல்லை. கலத்தைத் தொடும் வரைக்கும் அது குருதி போகிற பக்கம்தான் போகும். தொட்ட பிறகு, பூட்டுப் பொருந்தினால், ஒட்டிக்கொண்டு உள்ளே போக உதவும், அவ்வளவுதான். பூட்டும் எல்லாரிடமும் இருப்பதில்லை. ஹேர்-2 என்ற வாங்கி (கலத்தின் மேலுள்ள அப்படியொரு பூட்டு) மிகுந்திருப்பது மார்பகப் புற்றுநோயாளரில் 15 முதல் 20 சதவீதத்தினருக்கு மட்டும். அதற்கும் மேலே, முதலில் சொன்ன குருதிப் புரதங்கள் பிறபொருளெதிரியின் மேலேயே அப்பி அதை மூடிவிடவும் கூடும்.

கட்டிக்குள் கொண்டுசேர்க்கும் தலையிடியைச் சுற்றிப்போகும் ஒரு வழி, நேரே கட்டிக்குள் குத்துவது. ஹப்னியம் ஒட்சைட்டுத் துணிக்கையை அப்படிக் குத்திவிட்டுக் கதிர்ச்சிகிச்சை கொடுத்தால், அந்தக் கன உலோகம் கதிரைக் கூடுதலாக உறிஞ்சி அடியை அங்கேயே பெருக்கும். மென்னிழையப் புற்று ஒன்றுக்கு 2019இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. பொன் பூசிய சிலிக்காத் துணிக்கைகளை ஏற்றி, அகச்சிவப்புக்கு அருகான ஒளியால் சூடேற்றிக் கட்டியை எரிக்கும் முறை புரொஸ்டேட்டில் சோதிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒளி இழையத்துக்குள் ஒன்றிரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் வலுவோடு போகாது, ஆழத்தில் உள்ள கட்டிக்கு ஒளியிழையை உள்ளே செலுத்த வேண்டும். குவாண்டம் புள்ளிகள் என்ற ஒளிரும் நனோப் பளிங்குகளுக்காக 2023இல் இரசாயனவியல் நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. அழகாக ஒளிரும், ஆனால் பலவற்றில் இருப்பது காட்மியம் என்ற நச்சு உலோகம். சிறுநீரக நோய் பரவிய பகுதிகளுக்கு அருகில் வாழ்கிறவர்களுக்கு அந்தப் பெயர் புதிதாக இராது. அவை ஆய்வுகூடத்திலேயே நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இலங்கையில் ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை சேர்ந்து செய்கிற வேலை. வாய் ஒளிக்கு எட்டும் இடம் என்பதால் நனோ ஆய்வாளருக்கு அதில் ஆர்வம் அதிகம். நோயாளிக்கும் அது கண்ணாடியில் தெரிகிற இடம்தான். வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு, அல்லது ஆறாத புண், இரண்டு மூன்று கிழமைக்கு மேல் நின்றால் அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்கில் காட்ட வேண்டும். அந்த நிலையில் பிடித்தால் எந்தத் துணிக்கையும் தேவைப்படாமலே முடித்துவிடலாம்.

"நனோ மஞ்சள்", "நனோ மூலிகை" என்று பெயர் ஒட்டிய குளிசைகளும் உலவுகின்றன. மேலே சொன்ன மருந்துகள் எல்லாம் அளவு, பூச்சு, ஏற்றும் வேகம் வரை சோதித்து அனுமதி பெற்றவை. இந்தப் போத்தல்களில் துணிக்கை உண்மையிலேயே அந்த அளவில் இருக்கிறதா என்று யாரும் அளந்திருக்க மாட்டார்கள். உண்மையிலேயே நனோவாக இருந்தால் கூடுதலாக உறிஞ்சப்படும், அப்போது ஈரல் வழியாக வெளியேறும் பக்லிடாக்செல் போன்ற மருந்துகளின் அளவைக் குழப்பவும் கூடும். வீட்டில் யாராவது வாங்கிக் கொடுத்திருந்தால், அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்தப் போத்தலையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பெயரை நினைவிலிருந்து சொல்வதைவிட லேபிளைக் காட்டுவது வைத்தியருக்கு வசதி.